விடை எழுதும் இயந்திரம்

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கு அடியில் ஒரு கம்பிவடம் போட்டார்கள். நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். 2020 ஆகஸ்டு 10 அன்று அது தொடங்கியது. தீவுகளில் இணையம் வேகமானது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இது செயற்கை நுண்ணறிவு. செல்போனில் கேள்வி கேட்டால் விடை எழுதும். கட்டுரையும் எழுதும். தமிழும் தெரியும்.

இது எப்படி எழுதுகிறது? ஏராளமான பக்கங்களைக் கொடுத்து அதைப் பழக்கியிருக்கிறார்கள். அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகிறது. அதனால் தவறும் வரும்.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என்று மாறியது. அதற்கு முந்தைய பக்கங்களை மட்டும் படித்த இயந்திரம் என்ன சொல்லும்? பழைய பெயரைத்தான் சொல்லும். அதையும் உறுதியாகச் சொல்லும்.

பிள்ளைகள் இதைப் பயன்படுத்தலாமா? புரியாத பாடத்தை விளக்கச் சொல்லலாம். விடையைப் பாடப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வீட்டு முகவரி, புகைப்படம் கொடுக்கக் கூடாது. வகுப்பறையில் பயன்படுத்த 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 2023இல் சொன்னது.

இயந்திரம் எழுதியதைத் தான் எழுதியதாகக் காட்டுவது ஏமாற்று. அதில் ஆசிரியர் மட்டுமா ஏமாறுகிறார்? பிள்ளையும் ஏமாறுகிறது. தேர்வு அறைக்குச் செல்போன் வராது.

இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்ற பெற்றோரும் இதைக் கண்காணிக்கலாம். வீட்டுப் பாடத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு நோட்டை மூடுங்கள். “இப்போது நீயே சொல்” என்று கேளுங்கள். பிள்ளை சொன்னால், பாடம் மனதில் ஏறியிருக்கிறது. விழித்தால், உட்கார்ந்து மீண்டும் படிக்கச் சொல்லுங்கள்.