மக்னீசியமும் சிறுநீரகத்தின் காவலும்

வளர்ந்த மனிதனின் உடலில் உள்ள மக்னீசியம் ஏறத்தாழ 25 கிராம். அதில் பாதிக்கு மேற்பட்டது எலும்புகளில் படிந்திருக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி தசை முதலிய திசுக்களில் அடங்கியுள்ளது. இரத்த நீரில் காணப்படுவது நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவேயாகும். ஆதலின் இரத்தச் சோதனை ஒன்றைக் கொண்டே உடலின் இருப்பு முழுவதையும் கணித்துவிட இயலாது.

கீரை, பருப்பு, கேழ்வரகு, நிலக்கடலை ஆகியவற்றில் இச்சத்து மிகுதி. இலைப் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு உண்டு. உண்ட மக்னீசியத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கையே குடல் ஏற்கிறது. இரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றும். குறைந்தால் தடுத்து நிறுத்தும். எனவே, சிறுநீரகம் நலமாயுள்ளவர்க்கு உணவினால் மட்டும் மக்னீசியம் மிகுந்து தீங்கு நேர்வதில்லை.

மருந்தாக உட்கொள்வது வேறு. 1618ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எப்சம் என்னும் ஊரில், கால்நடைகள் குடிக்க மறுத்த கசப்பு நீரிலிருந்து பேதி உப்பு அறியப்பட்டதாகக் கூறுவர். மக்னீசியம் சல்பேட் எனப்படும் அவ்வுப்பு குடலுக்குள் நீரை ஈர்த்துப் பேதியை உண்டாக்குகிறது. இதனையோ, வயிற்றெரிச்சலுக்கு அருந்தும் மக்னீசியாப் பாலையோ, சிறுநீரகம் தளர்ந்த முதியோர் நாள்தோறும் உட்கொண்டு வந்தால் வெளியேற வழியின்றி மக்னீசியம் இரத்தத்தில் தேங்கும். முதலில் குமட்டலும் மயக்கநிலையும் தோன்றும், தசைகள் சோரும், இரத்த அழுத்தம் தாழும். மிகுதி முற்றினால் சுவாசம் ஒடுங்கி, இறுதியில் இதயமும் நின்றுவிடலாம்.

நரம்பு முனைகளில் கால்சியம் ஆற்றும் பணியை மக்னீசியம் தடுப்பதே இச்சோர்வுக்குக் காரணம். மக்னீசியம் மகப்பேற்று மருத்துவத்திலும் பயன்படுகிறது. 33 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பெண்களிடம் நடத்தப்பெற்று 2002இல் வெளியான ஆய்வில், இரத்த அழுத்த நோயுற்ற கர்ப்பிணிகளுக்கு வலிப்பு நேரும் அபாயத்தை மக்னீசியம் சல்பேட் ஊசி பாதிக்கு மேல் குறைத்தது. ஆயினும் உயிர் காக்கும் அளவிற்கும் நஞ்சாகும் அளவிற்கும் இடைவெளி சிறிதே. மறுமுறை மருந்து செலுத்துமுன் செவிலியர் மூன்றைக் கவனித்தல் வேண்டும்: முழங்காலின் கீழ்த் தட்டினால் கால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்திற்கு 16க்குக் குறையாதுள்ளதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டரேனும் இறங்குகிறதா என்பவையே அவை. சுவாசம் தடைப்படுவதற்கு முன்பே முழங்கால் துள்ளல் மறைந்துவிடும். இதற்குக் கருவி யாதும் வேண்டுவதில்லை, கைவிளிம்பே போதும். துள்ளல் இல்லையெனில் அடுத்த ஊசியை நிறுத்திவிட வேண்டும். மூச்சு ஒடுங்கினால், மாற்று மருந்தாகிய கால்சியம் குளுக்கோனேட்டை நரம்புவழி மெதுவாகச் செலுத்துவர். ஆகையால் மக்னீசிய ஊசி போடும் இடத்தில் அது எப்பொழுதும் கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும்.