படம் எடுத்தேன், பணம் கேட்கக் கூசினேன்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, அம்மாவின் தோழி ஒருவர் தம் மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் படமெடுக்க என்னை அழைத்தார். “நம்ம வீட்டுப் பிள்ளை நீ. எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுப்பா” என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன்: 250 வெள்ளி.

ஆறு மணி நேரம் படமெடுத்தேன். படங்களைத் தேர்ந்தெடுத்து, நிறம் திருத்தி முடிக்க மேலும் 14 மணி நேரம் ஆனது. வாடகை லென்சுக்கு 50 வெள்ளி, டாக்சிக்கு 30 வெள்ளி செலவு. அன்று கையில் கிடைத்ததோ 100 வெள்ளிதான். மீதியைப் பிறகு தருவதாக ஆன்ட்டி சொன்னார். நானும் எல்லாப் படங்களையும் அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதம் கடந்தும் மீதி வரவில்லை. செலவு போக, 20 மணி நேர உழைப்புக்கு எனக்கு மிஞ்சியது 20 வெள்ளி. கேட்டால் உறவு கெடுமோ என்று பயந்தேன். கேட்காததால்தான் கெட்டது. அந்தத் தீபாவளிக்குச் சாக்குச் சொல்லி அவர் வீட்டுக்குப் போகவில்லை. கடைசியில் அம்மா பேசினார். “ஐயோ, மறந்தே போச்சு! நீ ஏன்பா கேட்கல?” என்று ஆன்ட்டி அன்றே பேநவ் வழி அனுப்பிவிட்டார்.

தவறு என்னுடையதும்தான். இப்போது விலை சொல்லுமுன் கணக்குப் போடுகிறேன். மணிக்கு 20 வெள்ளி என்று வைத்தாலே, அந்த வேலைக்குச் செலவையும் சேர்த்து 480 வெள்ளி கேட்டிருக்க வேண்டும். எத்தனை மணி நேரம், எத்தனை படங்கள், எப்போது கிடைக்கும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி, “சரி” என்ற பதிலைப் பெறுகிறேன். பாதித் தொகை முன்பணம். மீதி வந்த பிறகே முழுப் படங்கள்.

எழுத்தில் இருப்பது இன்னொரு வகையிலும் உதவும். சிங்கப்பூரில் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் ஈராண்டுக்குள் கோர வேண்டும். அங்கே போகும் நிலை வராமல் காப்பதும் அதே குறுஞ்செய்திதான்.

இவ்வாண்டு மகளின் திருமணத்துக்கும் ஆன்ட்டி என்னையே அழைத்தார். விலையை அனுப்பினேன். “கொஞ்சம் குறைக்கலாமா?” என்றார். மணிக்கான கட்டணத்தைக் குறைக்கவில்லை. படமெடுக்கும் நேரத்தில் இரண்டு மணியைக் குறைத்தேன். அன்று மாலையே முன்பணம் வந்தது.

இந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கைத் தயக்கமின்றிச் சாப்பிட்டேன்.