மூலக்கூறுகளுக்கு ஒரு குறுகிய வாசல்

வினையூக்கி வினையின் வேகத்தை மாற்றுமேயன்றிச் சமநிலையை மாற்றாது. இது நாம் அனைவரும் படித்த பாடம். ஆயினும் சியோலைட்டைப் பற்றிப் படித்தபோது இப்பாடத்தின்மேலேயே எனக்கு ஐயம் எழுந்தது.

ஆர்த்தோ, மெட்டா, பாரா என்னும் மூன்று சைலீன்களும் சமநிலையில் இருக்கையில் பாராவின் பங்கு ஏறத்தாழ 24 விழுக்காடே. ஆனால் தக்கவாறு பக்குவப்படுத்திய இசட்.எஸ்.எம்.-5 என்னும் சியோலைட்டின்மீது டொலுயீன் ஆவியைச் செலுத்தினால், பென்சீனுடன் கிடைக்கும் சைலீனில் 90 விழுக்காட்டுக்கு மேல் பாராவாக இருக்கிறது! அப்படியாயின் விதி பொய்த்ததா?

முதலில் சியோலைட்டு எத்தகையது என்று பார்ப்போம். 1756ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிஞர் குரோன்ஸ்டெட், சூடாக்கியதும் நுரைத்துப் பொங்கிய ஒரு கனிமத்திற்குக் 'கொதிக்கும் கல்' எனப் பொருள்படும் இப்பெயரைச் சூட்டினார். சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் அணுக்கள் பின்னிய அதன் படிகச் சட்டகத்தில் ஒரே அளவான நுண்துளைகள் உண்டு. அலுமினியம் உள்ள இடந்தோறும் தோன்றும் எதிர்மின்சுமையைப் புரோட்டான் ஈடுசெய்யும்போது அவ்விடம் வலிய அமிலமாகிறது. வினை நிகழ்வது அங்கேதான். துளையின் அளவும் வினையின் போக்கைத் தீர்மானிக்கும் இப்பண்பை 1960இல் வைஸ், ஃப்ரிலெட் ஆகியோர் வடிவத்தேர்வு வினையூக்கம் என்றனர்.

இசட்.எஸ்.எம்.-5இன் துளை சுமார் 5.5 ஆங்ஸ்ட்ராம் அகலமுடையது. குறுகிய வாசலில் ஏணியை நீளவாக்கில் எளிதாக எடுத்துச் செல்லலாம். அகலமான கட்டிலோ இடித்துக்கொண்டு நிற்கும். இரு மெதில் தொகுதிகளும் எதிரெதிர் முனைகளில் அமைந்த பாரா சைலீன் ஏணியைப் போன்றது. பக்கம் புடைத்த மற்ற இரண்டையும்விட அது ஏறக்குறைய ஆயிரம் மடங்கு விரைவாக நகர்கிறது.

துளைக்குள்ளே மூன்றும் உண்டாகின்றன. பாரா வெளியேற, உள்ளே அதன் பங்கு குறைகிறது. அக்குறையை ஈடுசெய்ய, தங்கிவிட்ட மெட்டாவும் ஆர்த்தோவும் அமில மையங்களில் பாராவாக மாறுகின்றன. அதுவும் வெளியேறுகிறது. ஆகவே உள்ளே நடப்பது சமநிலையை நோக்கிய ஓட்டமேயாகும்.

இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. படிகத்தின் வெளிப்பரப்பிலும் அமில மையங்கள் இருக்கின்றன. அங்கே காவலுக்கு வாசல் இல்லை. வெளிவந்த பாரா அவற்றைத் தொட்டால் மீண்டும் மூன்றாகப் பிரிந்து, 24 விழுக்காட்டை நோக்கித் திரும்பிவிடும். ஆதலின் வெளிப்பரப்பைச் சிலிக்கா போன்ற பொருளால் மூடிச் செயலிழக்கச் செய்கின்றனர். மேலே நான் சொன்ன பக்குவம் இதுவே.

நாம் அணியும் பாலியெஸ்டர் துணிக்கு மூலப்பொருள் பாரா சைலீன். அதன் பின்னே இத்தனை நுட்பம் இருக்கிறது. விதி பொய்க்கவில்லை, நண்பர்களே! 24 என்பது சமநிலையை எட்டிய கலவைக்குரிய கணக்கு. எட்டுமுன்னரே வெளியேறியதற்கு அது பொருந்தாது என்பதை நான்தான் கவனியாது விட்டேன்.