கோவாச் சாறும் குடல் புற்றுநோயும்

"கோவாவை அரைச்சுச் சாறு குடிச்சா குடல் புற்றுநோய் ஓடிப் போயிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். இதில் உண்மை எவ்வளவு, மிகைப்படுத்தல் எவ்வளவு என்பதைத் தொழிலாளர் சகோதர சகோதரிகளுக்கு விளக்க விரும்புகிறோம்.

இந்தப் பேச்சுக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல முடியாது. கோவா, நோக்கோல், முள்ளங்கி, புரொக்கோலி எல்லாம் ஒரே குடும்பத்து மரக்கறிகள். இவற்றை வெட்டும்போதும் மெல்லும்போதும் ஒருவிதக் காரச் சத்து உண்டாகிறது. 1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் போல் தலலே என்பவரின் குழுவினர் புரொக்கோலியிலிருந்து சல்பொராபேன் என்ற சத்தைப் பிரித்தெடுத்தனர். உடம்பில் சேரும் நச்சுப் பொருட்களை வெளியேற்றும் நொதியங்களை அது தூண்டுவதாகக் கண்டனர்.

ஆய்வுகூடங்களில் எச்.டி.-29 என்ற பெருங்குடல் புற்றுநோய்க் கலங்களை வளர்க்கிறார்கள். இவை 1964இல் ஒரு பெண்ணின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை. 2000ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் இக்கலங்களில் சல்பொராபேனைச் சேர்த்தபோது, கலங்கள் பெருகுவது நின்றது. பல தாமாகவே மடிந்தன.

அப்படியானால் சாறு குடித்தால் போதுமா? போதாது. கண்ணாடித் தட்டில் மருந்து நேரே கலத்தின் மேல் படுகிறது. நாம் குடிக்கும் சாறு வயிற்றில் செரித்து, ஈரலில் மாறி, பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். தட்டில் உப்பைக் கூடுதலாகக் கொட்டினாலும்தான் கலங்கள் சாகும். அதற்காக உப்பு புற்றுநோய் மருந்தாகி விடுமா?

பின்லாந்தில் நடந்ததையும் பாருங்கள். கரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் சத்து நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என நம்பி, புகைபிடிக்கும் 29,000க்கு மேற்பட்ட ஆண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 1994இல் முடிவு வெளியானது. அந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் குறையவில்லை. 18 வீதம் கூடியிருந்தது!

ஆகவே மரக்கறியை மருந்தாக அல்ல, சாப்பாடாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள நார்ச்சத்து மலச்சிக்கலைக் குறைக்கும், குடலுக்கும் நல்லது. கோவாவை வெட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு லேசாக வதக்குங்கள். குழையக் குழைய வேகவைத்தால் காரச் சத்தை உண்டாக்கும் நொதியம் கெட்டுவிடும். சாராயமும் புகையிலையும் இந்நோய்க்கு வழி திறப்பவை. அவற்றை விடுவது எந்தச் சாற்றையும் விடப் பெரிய பாதுகாப்பு.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. மலத்தோடு இரத்தம் போனால் "மூலச் சூடுதானே, சரியாப் போயிடும்" என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். வெளியே சொல்லவும் வெட்கப்படுகிறோம். அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். இரத்தம் போவது, வழக்கமான மலப்போக்கு வாரக்கணக்கில் மாறியிருப்பது, காரணமின்றி உடல் மெலிவது, இரத்தச்சோகை, வயிற்றில் கட்டி தென்படுவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். தோட்ட மருந்தகத்தில் சொல்லி, அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்கிப் போங்கள். அங்கே சிகிச்சை இலவசம். ஆரம்பத்திலேயே கண்டால் சத்திரசிகிச்சையால் குணமாக்கக்கூடிய நோய் இது.

ஏற்கெனவே சிகிச்சை பெறுகிறவர்கள் சாற்றை நம்பி அதை இடையில் நிறுத்தவே கூடாது. வீட்டு வைத்தியம் ஏதும் செய்தால் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கோவா சட்டியில் இருக்கட்டும். சிகிச்சை ஆஸ்பத்திரியில் நடக்கட்டும்.