நிறத்தை விட்டு வாலைப் பாருங்கள்

ராயபுரம் காசிமேட்டில் விசைப்படகுகள் மீனை இறக்கும்போது தலைக்கு மேல் வட்டமிடுபவை எல்லாவற்றையும் ‘பருந்து’ என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் அங்கே கரும்பருந்து, செம்பருந்து என இரண்டு இனங்கள் உண்டு. வெள்ளைத் தலையும் செம்மண் நிற இறக்கையும் கொண்ட செம்பருந்தைக் கண்டதும் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்பவர்களுக்கு நிறமே போதும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் மற்ற வேட்டைப் பறவைகளிடம் அடிக்கடி ஏமாறுவோம். வாலும் இறக்கையும் பறக்கும் விதமும்தான் நம்பத்தக்க அடையாளங்கள்.

உச்சிவெயிலில் அண்ணாந்து பார்த்தால் எந்தப் பறவையும் கறுப்பாகவே தெரியும். வயதும் நிறத்தை மாற்றும். இளம் செம்பருந்து உடல் முழுக்கப் பழுப்பாக இருப்பதால் கரும்பருந்து என்றே தோன்றும். வாலைக் கவனித்தால் குழப்பம் தீரும். கரும்பருந்தின் வால்நுனி மீன்வால்போல நடுவில் உள்வாங்கியிருக்கும். செம்பருந்துக்கு அது உருண்டிருக்கும். வாலை விரித்தால் அந்தப் பிளவு மறைந்துவிடுமே என்று கேட்கலாம். மறையும்தான். ஆனால் கரும்பருந்து வாலைச் சுக்கான்போலத் திருப்பித் திருப்பியே பறக்கிறது. சில நொடிகள் பொறுத்தால் வால் மடங்கும், பிளவு தெரிந்துவிடும்.

எண்ணூர் கழிமுகத்துக்குக் குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளுக்கும் இதுவே பொருந்தும். விராலடிப்பானின் நீண்ட, ஒடுங்கிய இறக்கை நடுமூட்டில் மடங்கித் தெரியும். கால்களை முன்னே நீட்டி நீரில் பாயும். பிடித்த மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி தூக்கிச் செல்லும். சேற்றுப் பூனைப்பருந்தில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு நிறம். ஆனால் இரண்டுமே இறக்கைகளைச் சற்று மேல்தூக்கி, கோரைப்புல்லை ஒட்டித் தாழப் பறந்து இரை தேடும்.

கேமராவில் எடுத்து வீட்டில் நிதானமாகப் பார்த்தால் போதாதா? படம் உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஒரு கணத்தின் பதிவு. வால் விரிந்த கணத்தில் எடுத்த படத்தில் பிளவும் இருக்காது, பறக்கும் நடையும் இருக்காது.

பெயரைச் சரியாகச் சொல்வது வெறும் பொழுதுபோக்கு அல்ல. கரும்பருந்து குப்பையிலும் மீன்கழிவிலும் பிழைத்துக்கொள்ளும். விராலடிப்பானுக்கோ உயிருள்ள மீன் வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்துவரும் இந்தக் கழிமுகத்தில் ஒன்றை மற்றொன்றாக எழுதிவைத்தால், நீரின் நிலையையே தவறாக எழுதிவைத்ததாகும். எனவே, அடுத்த முறை பருந்து என்று சொல்லும் முன் ஒரு நிமிடம் அதன் வாலைப் பாருங்கள்.