ஆற்றங்கரையில் ஊர், மலைச்சரிவில் தேயிலை

கேமரன் மலையின் வரைபடத்தில் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா ஆகிய ஊர்களில் பென்சிலால் புள்ளி வையுங்கள். நூலில் கோத்த மணிகள் மாதிரி வரிசையாக வரும். அந்த நூல்தான் சாலை. சரி, சாலை ஏன் அந்த வழியாகப் போனது?

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் வந்து, மலைகளுக்கு நடுவே நல்ல மேட்டுநிலம் இருப்பதாக அறிவித்தார். செமாய் பூர்வக்குடி மக்களுக்கு அது புதுச்செய்தியே அல்ல. அவர்கள் வெகுகாலமாக இங்கேதான் வாழ்ந்தார்கள். அதன்பின் நாற்பது வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தித்திவங்சா மலைத்தொடர் ஏற விட்டால்தானே! 1926இல் தாப்பாவிலிருந்து சாலை வெட்டத் தொடங்கி, 1931இல் மேலே கொண்டுவந்தார்கள். கேமரன் மலை இருப்பது பகாங்கில், தாப்பாவோ பேராக்கில். பகாங் பக்கம் காடு நீண்டு கிடந்தது. பேராக் பக்கம் ரயில் ஓடும் சமவெளி மலையடிவாரத்திலேயே இருந்தது.

சில இடங்களில் ஊர்களைக் கோக்கும் நூல் ஆறுதான். ரஷ்யர்கள் சைபீரியாவுக்குள் போனபோது ஆறுகளே அவர்களுக்குச் சாலை. ஓர் ஆறு முடிந்த இடத்தில் படகைத் தரையில் இழுத்துப்போய் அடுத்த ஆற்றில் இறக்குவார்கள். கரையில் மரக்கோட்டை எழும்பும். அதைச் சுற்றி ஊர் வளரும். லேனா ஆற்றங்கரையில் யாகுட்ஸ்க் 1632இல் அப்படித்தான் பிறந்தது. 1639இல் பசிபிக் கடலையே தொட்டுவிட்டார்கள்!

கேமரன் மலையில் ஓடும் நம் தெலோம் ஆற்றில் அப்படிப் படகு விட்டால் பாறையில் மோதிச் சிதறும். ஆனால் ஆறுகள் மலையை அரித்துப் பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. சாலைக்கு வழி, கடைத்தெருவுக்குச் சமநிலம், காய்கறிக்குத் தண்ணீர் எல்லாம் அங்கே கிடைத்தன.

தேயிலையின் குணம் வேறு. அதற்கு மழை நிறைய வேண்டும். ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் செடி அழுகிவிடும். சரிவில் நீர் நிற்காமல் வடிந்துவிடும். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். அந்தக் குளிரில் கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் கூடும். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கம்போங் ராஜா பக்கம் புளூ வேலி தோட்டம் வந்தது. பறித்த கொழுந்து கூடையிலேயே கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும். ஆகவே ஆலை தோட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆட்களும் பக்கத்தில் இருக்க வேண்டும். சரிவையெல்லாம் தேயிலைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த சமமான இடங்களில் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளைக் கட்டினார்கள். தமிழ்க் குடும்பங்கள் டவுனைவிட்டுத் தள்ளி, தோட்டத்துக்குள்ளே கூட்டம் கூட்டமாகக் குடியேறிய கதை இதுதான்.

கம்போங் ராஜா நெடுங்காலம் சாலையின் கடைசி ஊர். சிம்பாங் பூலாய் சாலை வந்தபிறகு, ஈப்போவிலிருந்து ஏறி வருகிறவர்களுக்கு அதுவே முதல் ஊர்!

ஆறு ஊருக்கு இடம் கொடுத்தது; மனிதர்களும் சும்மா இருக்கவில்லை, ஆற்றின் போக்கையே மாற்றினார்கள். தெலோம் இயல்பாகக் கிழக்கே ஓடி, பகாங் ஆறு வழியாகத் தென்சீனக் கடலைச் சேரும். 1960களில் மின்சாரத்துக்காக அதன் நீரில் ஒரு பங்கைச் சுரங்கம் வழியே பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பினார்கள். அது ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையில் தேங்குகிறது. பிறகு மலையைக் குடைந்த இன்னொரு சுரங்கத்தில் பேராக் பக்கம் பாய்ந்து, மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிவிட்டு, மேற்கே மலாக்கா நீரிணைக்குப் போய்விடுகிறது.