ஐந்து பழைய கம்ப்யூட்டர்களும் ஒரு பொது அறையும்



நமது மருத்துவமனையின் சமுதாய மையத்தில் ஐந்து கம்ப்யூட்டர்கள் வைக்கப்பட்டிருப்பதைக் கேள்விப்பட்ட சபையார் சிலர், "அது என்ன லினக்ஸ்? எல்லாரும் உபயோகிக்கிற விண்டோஸ் ஏன் போடவில்லை? செலவை மிச்சம் பிடிக்கவா?" என்று கேட்டிருக்கிறார்கள். செலவும் ஒரு காரணந்தான். ஆனால் முதல் காரணம் வேறு.

சில வருடங்களுக்கு முன் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த ஒரு வாலிபர், தன் பரிசோதனை அறிக்கையை அச்செடுக்கக் கடைத்தெருவில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனார். காகிதத்தை வாங்கிக்கொண்டு, காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அறிக்கையின் நகலோ அந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. அடுத்து அங்கே உட்கார்ந்தவர் இவருடைய லைன் வீட்டிலேயே குடியிருப்பவர். ஒரே வாரத்தில் வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். "மருந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் ஐயா, ஊருக்கே போய்விடுகிறேன்" என்று என் முன்னால் உட்கார்ந்து அழுதார். காசநோய் மருந்தை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். கடைக்காரர் யாருக்கும் தீங்கு நினைத்தவர் அல்ல. பலர் உபயோகிக்கும் இயந்திரத்தில் முந்தினவர் விட்டுப்போனதை அடுத்தவர் பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆகவே மையத்துக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று பேச்சு வந்தபோது நான் கேட்டது ஒன்றே: எழுந்து போனவருடைய காரியத்தை அது மறந்துவிடுமா?

லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள். 1991-இல் பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் மூலக்கருவை எழுதி வெளியிட்டார். அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு என்ற முயற்சியின் மென்பொருள்களும் அதனுடன் சேர்ந்தன. யாரும் அதை நகல் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்; உரிமக் கட்டணம் கிடையாது. இது யூனிக்ஸ் என்ற பழைய முறையைப் பின்பற்றியது. 1970-களில் ஒரே பெரிய இயந்திரத்தைப் பலர் பங்கிட்டு உபயோகித்த காலத்தில் வளர்ந்த முறை அது. நம் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் பூட்டுள்ள சின்ன அலமாரி இருக்கிறதல்லவா, அதுபோல அவரவர் பொருள் அவரவர் பூட்டுக்குள் என்பது இதில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. (விண்டோஸிலும் தனிக் கணக்குகள் வைக்க முடியும், நான் அதை மறுக்கவில்லை.)

லினக்ஸில் பல வகைகள் இருக்கின்றன. நாங்கள் போட்டிருப்பது லினக்ஸ் மின்ட். அதில் விருந்தினராக நுழைய ஒரு வழி உண்டு. பெயரும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். உட்கார்ந்தவர் வேலையை முடித்து வெளியேறியதும், இறக்கிய அறிக்கை, திறந்த பக்கங்கள், தட்டிய கடவுச்சொல் எல்லாம் அழிந்துபோகும். தினமும் படிக்க வரும் பிள்ளைகளுக்கு மாத்திரம் தனிக் கணக்கு. பிரிண்டர் தட்டில் மறந்துவிட்டுப்போன காகிதத்தை எந்த மென்பொருளும் அழிக்காது. ஒவ்வொரு அரைமணிக்கும் தட்டையும் குப்பைக்கூடையையும் பார்ப்பது மையத்தில் இருக்கும் சகோதரியின் வேலை.

இயந்திரங்கள் வந்த கதை எளிது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. பழைய கம்ப்யூட்டர்கள் பல விண்டோஸ் 11-க்கு ஒத்துவராதவை. அலுவலகங்கள் அவற்றை ஒதுக்குகின்றன. லினக்ஸ் மின்ட்டுக்கு 4 ஜி.பி. நினைவகம் இருந்தால் போதும். பழைய சுழல்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் வேகமும் கூடுகிறது. ஒரே பெரிய கம்ப்யூட்டரை நடுவில் வைத்து மற்றவற்றை அதனோடு இணைத்து ஓட்டும் எல்.டி.எஸ்.பி. என்ற முறையும் உண்டு. பராமரிப்பு சுலபம் என்று நண்பர்கள் சொன்னார்கள். நடுவிலுள்ளது பழுதானால் ஐந்தும் நின்றுவிடுமே என்று வேண்டாமென்றோம்.

நாங்கள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரியில் வில்லியனூரை நடுவாக வைத்து கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. எம்பலத்தில் கோவில் இடத்திலேயே மையம் நடந்தது. வீராம்பட்டினத்தில் அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்பதை அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவருக்குச் சொன்னார்கள். இடத்தைக் கிராமமே தரவேண்டும், எல்லாச் சாதியாரும் உள்ளே வரலாம் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. இந்த இரண்டாவதை நாங்களும் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறவர்களில் ஒடிசா, பீகார், வங்காளத்தார் அநேகர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இங்கே உண்டு. லினக்ஸில் தமிழ், ஒடியா, இந்தி, வங்காளம் நான்கையும் ஒரே கம்ப்யூட்டரில் வைக்க முடிகிறது. தமிழுக்கு, 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. ஒடியா எழுத்தைத் திரையில் கண்ட ஒரு தொழிலாளி எழுந்து நின்று கும்பிட்டதைப் பார்த்தபோது எனக்குப் பெந்தெகொஸ்தே நாள் நினைவுக்கு வந்தது.

குறைகளையும் சொல்லவேண்டும். விரல்ரேகைக் கருவிகள் சில லினக்ஸில் வேலை செய்வதில்லை. ஆகவே அந்த வேலைகளுக்கு இ-சேவை மையத்துக்கே அனுப்புகிறோம். வீட்டில் விண்டோஸ் பழகின பிள்ளைகள் முதல் நாள் முகம் சுளிக்கிறார்கள். மூன்றாம் நாள் மறந்துவிடுகிறார்கள்.

கொடுக்கிறவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயருக்கு லண்டன் எஸ்.பி.சி.கே. சங்கத்தார் அச்சு இயந்திரம் அனுப்பினார்கள். தமிழ் எழுத்துக்கள் ஜெர்மனியில் ஹாலே நகரிலிருந்து வந்தன. அந்த எழுத்துக்கள் மிகவும் பெரியவை. அப்படியே அச்சிட்டிருந்தால் காகிதம் கட்டுப்படியாகாது. உள்ளூரிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்த பிறகுதான் 1715-இல் புதிய ஏற்பாடு முடிந்தது.

எனவே பழைய கம்ப்யூட்டர் அனுப்ப விரும்புகிறவர்கள் முதலில் எங்களுக்கு எழுதிக் கேளுங்கள். அதிலுள்ள உங்கள் குடும்பப் படங்களையும் வங்கி விவரங்களையும் அழித்துவிட்டு அனுப்புங்கள். நாங்களும் இங்கே ஒருமுறை முழுவதும் அழிப்போம். இப்போதைக்கு இயந்திரம் ஐந்து போதும். மின்சாரம் போகும் நேரத்துக்கு யு.பி.எஸ். பாட்டரிகள் வேண்டும். ஷிப்ட் முடிந்து தொழிலாளர் வருவது மாலை ஆறு மணிக்குமேல். சகோதரியோ ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகவேண்டியவர். ஆறிலிருந்து ஒன்பது வரை அங்கே உட்கார்ந்து, இந்தியும் தமிழும் பேசி, பிரிண்டர் தட்டையும் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு மாதச் சம்பளம் தேவைப்படுகிறது.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைச் சிற்றாலய குரு